இரண்டு வாளியா, ரின்ஸ்லெஸ்ஸா, வாட்டர்லெஸ்ஸா? கறுப்புக் காரைக் கீறாமல் கழுவ எது சரி

இருட்டிய பிறகு மொபைல் டார்ச்சைப் போட்டு, பானட்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சத்தைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள் வட்டம் வட்டமாகத் தெரிந்தால், அவற்றில் பெரும்பாலானவை சாலையில் ஓடும்போது விழுந்தவை அல்ல, துடைக்கும்போது விழுந்தவை. உண்மையில் அந்தக் கோடுகள் வட்டமாகவும் இல்லை. எல்லாத் திசையிலும் தாறுமாறாகக் கிடக்கின்றன, வெளிச்சத்துக்குக் குறுக்காக இருப்பவை மட்டும் மின்னுவதால் கண்ணுக்கு வட்டமாகத் தெரிகிறது. வட்டமாகத் துடைக்காதே, நேராகத் துடை என்று பலரும் சொல்வார்கள். நேராகத் துடைத்தால் கீறல்கள் ஒரே திசையில் விழும், சில கோணங்களில் கண்ணில் படாது, அவ்வளவுதான். விழாமல் இருக்காது.

என் கார் கறுப்பு, அதிலும் பெயின்டின் மேல் பூச்சான கிளியர் கோட் மென்மையான ரகம். வாங்கிய புதிதில் தினமும் காலையில் காய்ந்த துணியால் தூசி தட்டி வந்தேன். பளபளப்பாக இருக்கட்டும் என்றுதான் செய்தேன், ஆறு மாதத்தில் பானட் முழுக்க அந்த வலை வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு முறையாக மாற்றி மாற்றிச் செய்து, ஒவ்வொரு முறையும் டார்ச் அடித்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

இங்கே என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கம்பெனி பெயின்டில் நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமற்ற கிளியர் கோட்டின் தடிமன் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான் வரைதான், ஒரு தலைமுடியின் தடிமன்கூடக் கிடையாது. தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் மணல் மோஸ் கடினத்தன்மை அளவில் 7, சாதாரணக் கண்ணாடியைவிடக் கடினம். அந்த மணலை ஒரு துணிக்கும் இந்தப் பூச்சுக்கும் நடுவில் வைத்து விரலால் அழுத்தி இழுத்தால் பூச்சுதான் தோற்கும், துணி எவ்வளவு மென்மையாக இருந்தாலும் சரி. ஆகவே எந்த முறையாக இருந்தாலும் இரண்டே கேள்விதான் கேட்கிறேன்: கை படுவதற்கு முன் எவ்வளவு மணல் கழன்று போகிறது? கை பட்ட பிறகு மிச்ச மணல் எங்கே போகிறது?

முதலிலேயே கழிந்து போகிறவை

காய்ந்த துணி, இரண்டு கேள்விக்கும் தோல்வி. மெழுகு தடவிய நூல் டஸ்டர் கொஞ்சம் மேல், அழுத்தாமல் இழுத்தால் லேசான தூசியை எடுத்துவிடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எடுத்த தூசி அந்த நூலிலேயே உட்கார்ந்திருக்கிறது, அதே நூல்தான் நாளைக்கும் பெயின்டில் படப்போகிறது. கடினமான கிளியர் கோட், வெள்ளை நிறம் என்றால் வருடக்கணக்கில் தெரியாது. கறுப்பில் தெரியும்.

சுழலும் பிரஷ் வைத்த தானியங்கி வாஷும் இதே கதைதான், நமக்கு முன்னால் போன வண்டியின் சேறும் அந்த பிரஷ்ஷில் இருக்கும். பிரஷ்ஷே படாத, தண்ணீரும் ரசாயனமும் மட்டும் அடிக்கிற வகை கீறாது. ஆனால் தொடாமலே அழுக்கை எடுக்க வேண்டும் என்பதால் காட்டமான காரமோ அமிலமோ சேர்த்திருப்பார்கள், மேலே போட்ட வாக்ஸ் சீக்கிரம் கரைந்து போகும். வேறு வழியே இல்லாத நாளில் பிரஷ்ஷைவிட இது எவ்வளவோ மேல்.

வாட்டர்லெஸ்ஸும் ரின்ஸ்லெஸ்ஸும் ஒன்றல்ல

இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். வாட்டர்லெஸ் என்பது ஸ்ப்ரே பாட்டில்: தெளித்து, துடைத்து, முடித்துவிடலாம். அதில் வழுவழுப்புக்கான பொருள் இருக்கும், ஆனால் மொத்த ஈரமே அந்தச் சில தெளிப்புதான், மணலைத் தூக்கி நிறுத்த அது போதாது. விரல் ரேகை, கழுவிய மறுநாள் படிந்த மெல்லிய தூசி, இதுக்கெல்லாம் சரி. ஒரு வாரத் தூசிக்கு நான் தொட மாட்டேன்.

ரின்ஸ்லெஸ் என்றால் தண்ணீர் உண்டு, ஆனால் கடைசியில் அலச வேண்டாம். வாளித் தண்ணீரில் கொஞ்சம் மருந்து கலந்தால் அதிலுள்ள பாலிமர்கள் அழுக்கைச் சூழ்ந்து வழுக்கலாக்கிவிடும், மேலே எதுவும் பிசுபிசுப்பாக நிற்காது. இந்த முறையைப் பரவலாக்கிய ஆப்டிமம் நோ ரின்ஸ், சுருக்கமாக ஓ.என்.ஆர்., 256 பங்குத் தண்ணீருக்கு ஒரு பங்கு என்ற கணக்கு. 8 லிட்டர் தண்ணீருக்கு ஏறக்குறைய 30 மில்லி. நுரை வராததால் முதல் தடவை செய்கிறவர்கள் இன்னும் ஊற்றுவார்கள். வேண்டாம், அதிகமானால் கறை கறையாகக் கோடு விடும்.

இதில் எல்லாமே துணியில்தான் இருக்கிறது. எட்டுப் பத்து மைக்ரோஃபைபர் துணிகளை அந்த வாளியிலேயே ஊறப் போடுகிறேன். அதே கலவையை ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி, ஒரு கதவு முழுக்கத் தெளித்து இரண்டு மூன்று நிமிடம் விடுகிறேன். தூசி ஊறி, சின்னச் சின்ன சாம்பல் நிறத் துளிகளாகக் கீழே வழியத் தொடங்கும், அதைப் பார்த்த பிறகுதான் துணி எடுப்பேன். ஒரு துணியை இரண்டு முறை மடித்தால் எட்டு முகம் கிடைக்கும். ஒரு முகத்தால் ஒரே ஒரு இழுப்பு, மேலிருந்து கீழாக, துணியின் எடை மட்டும். திருப்பிப் பார்த்தால் துணியின் முன் ஓரத்தில் மட்டும் மண் ஒரு கோடாகச் சேர்ந்திருக்கும், பின்பக்கம் சுத்தமாக இருக்கும். அந்தக் கோடு தெரிந்ததும் அடுத்த முகம். எட்டும் முடிந்தால் துணி தனியாகப் போய்விடும், வாளிக்குத் திரும்பவே கூடாது. வாளித் தண்ணீர் கடைசி வரை தெளிவாக இருந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள்.

பலவீனம் என்ன? காய்ந்த சேறு. சக்கரத்துக்கு மேலே, கதவின் அடிப்பகுதியில், பின் பம்பரில் அப்பிக் கிடக்கும் சேற்றை ஊறவைத்து மட்டும் எடுக்க முடியாது. மழையில் மண் சாலையில் ஓடி வந்த வண்டிக்கு ரின்ஸ்லெஸ் போடுவது தப்பு.

இரண்டு வாளி

அப்படிச் சேறு அப்பிய நாளில் பழைய இரண்டு வாளி முறைதான் ஜெயிக்கிறது. ஆனால் அதன் பலம் வாளியில் இல்லை, வாளிக்கு முன்னால் நடப்பதில் இருக்கிறது. பிரஷர் வாஷரில் விரிந்த விசிறி நாசில் போட்டு, குறைந்தது ஒரு அடி தள்ளி நின்று அலசி, அப்புறம் ஃபோம் அடித்து, அது காய்வதற்குள் மறுபடி அலசினால் கை படுவதற்கு முன்னாலேயே கெட்டியான மண் பெரும்பாலும் போய்விடும். ஊசி மாதிரி பாயும் நாசிலைப் பெயின்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது, ஏற்கெனவே கல் பட்டுத் தெறித்த இடம் இருந்தால் அங்கிருந்து பெயின்டை உரித்துவிடும்.

அதற்குப் பிறகு ஒரு வாளியில் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர், அடியில் வடிகட்டித் தட்டு. கையுறையை ஒவ்வொரு பகுதி முடிந்ததும் தண்ணீர் வாளியில் அலசிவிட்டு ஷாம்புக்குப் போகிறோம். நல்ல யோசனைதான். முடிந்ததும் அலசிய வாளியை மெதுவாகச் சாய்த்து ஊற்றிப் பாருங்கள், அடியில் கறுப்பாக மெல்லிய மணல் படிந்திருக்கும், அத்தனையும் கையுறையோடு பெயின்டில் உருண்டு வந்ததுதான். அலசினால் எல்லாம் போய்விடும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது என்பதால், நான் இப்போது ஒரே வாளி, ஐந்தாறு கையுறை என்று மாறிவிட்டேன். ஒரு பகுதிக்கு ஒன்று, அழுக்கானது திரும்ப வாளிக்குள் போகாது. ரின்ஸ்லெஸ் துணிக் கணக்கும் இதுவும் ஒன்றேதான். கையுறைகள் அவ்வளவு இல்லாதவர்களுக்கு இரண்டு வாளி இன்னமும் நல்ல முறை, மேலிருந்து கீழே வாருங்கள், சக்கரத்துக்குத் தனி வாளி, தனி பிரஷ்.

ஸ்பாஞ்சா கையுறையா என்ற கேள்வியில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஸ்பாஞ்சின் முகம் தட்டை, மணல் உள்ளே போக இடமில்லாமல் பெயின்டிலேயே உருளும். ஆட்டு ரோமக் கையுறையின் நீளமான முடிக்குள் மணல் ஒதுங்கிக்கொள்ளும், தொடுவதற்கும் அதுதான் மென்மை, ஆனால் முடி உதிரும், சரியாகக் காயாவிட்டால் நாறும். மைக்ரோஃபைபர் கையுறை வருடக்கணக்கில் உழைக்கும், துவைப்பதும் எளிது. கறுப்புக் காருக்கு ஆட்டு ரோமம், பராமரிக்கப் பொறுமை இல்லை என்றால் மைக்ரோஃபைபர்.

பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம். எண்ணெயை அறுக்கச் செய்த பொருள் அது, மேலே போட்ட வாக்ஸையும் சேர்த்துத்தான் அறுக்கும்.

துவட்டும் இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்

ஒழுங்காகக் கழுவிவிட்டு ஷாமி தோலால் அழுத்தித் துடைத்தால் பாதி உழைப்பு வீண். அதுவும் ஸ்பாஞ்சு மாதிரி தட்டைதான், ஒரு மணல் தவறி நின்றிருந்தாலும் இழுத்துக்கொண்டு போகும். ப்ளோயர் முதல் இடம், தொடவே வேண்டாம் என்பதால். கண்ணாடிக் கூடு, கைப்பிடி, டிக்கி எழுத்துகளுக்குள் ஒளிந்திருக்கும் தண்ணீரையும் அதுதான் வெளியே தள்ளும். ப்ளோயர் இல்லையென்றால் முறுக்கிய நூல் வைத்த பெரிய துவட்டும் துணி: அகலமாக விரித்துப் போட்டு, இரண்டு முனையைப் பிடித்து மெதுவாக இழுத்தால் போதும், மேலே கை வைத்து அழுத்த வேண்டாம்.

தானாகக் காயட்டும் என்று விடுவது கீறாது, ஆனால் உப்புத் தண்ணீர் என்றால் கால்சியம் வெள்ளை வெள்ளைப் புள்ளியாக உட்கார்ந்துவிடும், வெயிலில் சுட்ட பானட்டில் இன்னும் மோசம். அதை எடுக்க அமிலமோ பாலிஷோ தேட வேண்டி வரும்.

கீழே விழுந்த துணி அன்றோடு சக்கரத்துணி. மைக்ரோஃபைபரைப் பருத்தித் துணிகளோடு சேர்த்துத் துவைத்தால் பஞ்சு ஒட்டிக்கொள்ளும், சாஃப்ட்னர் ஊற்றினால் இழைகள் அடைத்துத் தண்ணீர் உறிஞ்சாது.

மேலே என்ன போடலாம்

வாக்ஸ் கறுப்பில் அழகு, சில வாரங்கள் நிற்கும். சீலன்ட் சில மாதங்கள். செராமிக் கோட்டிங் வருடக்கணக்கில் நிற்கலாம். ஆனால் அது போட்டால் கீறலே விழாது என்று விற்கிறார்களே, அதை நம்ப வேண்டாம். ஓரிரு மைக்ரான் அல்லது அதற்கும் குறைவான படலம், மணலை அது தடுக்காது. அதன் உண்மையான பயன் வேறு: அழுக்கு ஒட்டாமல் சீக்கிரம் கழன்று போகும், அதனால் கை படும் நேரம் குறையும். கீறலைத் தாங்க வேண்டும் என்றால் பெயின்டின் மேல் ஒட்டும் நிறமற்ற பாதுகாப்புப் படமான பி.பி.எஃப்.தான், 150 முதல் 200 மைக்ரான் வரை இருக்கும், நல்ல ரகங்களில் லேசான கீறல் சூடு பட்டால் தானே மறையும். செலவு அதிகம், பானட்டுக்கும் முன் பம்பருக்கும் மட்டும் போட்டாலும் பலன் உண்டு.

விழுந்த கீறலுக்குப் பாலிஷ் இருக்கிறதே என்பார்கள். பாலிஷ் கீறலை நிரப்புவதில்லை, கீறலின் அடி வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டைச் சீவி எடுக்கிறது. போனது திரும்பி வராது. மேட் பெயின்டுக்குப் பாலிஷ் கூடவே கூடாது, அந்த இடம் மட்டும் திட்டாக மின்னும்.

என் முடிவு இது. வாரத் தூசிக்கு ரின்ஸ்லெஸ், சேறு என்றால் பிரஷரும் ஃபோமும் கையுறைகளும், வாட்டர்லெஸ் பாட்டில் டிக்கியில் சும்மா இருக்கட்டும். நடுவில் வருகிற நாட்களில் தூசியோடு விட்டுவிடுங்கள், தூசி படிந்து கிடப்பதால் கீறல் வராது, தேய்த்தால்தான் வரும்.

பறவை எச்சம் மட்டும் காத்திருக்காது, வெயிலில் ஒரே நாளில் கிளியர் கோட்டை அரித்துத் தடம் விட்டுவிடும். அதிலும் விதையும் மணலும் இருக்கும் என்பதால் தேய்க்கக் கூடாது. டிக்கியில் இருக்கும் வாட்டர்லெஸ் பாட்டிலை எடுத்துத் தாராளமாகத் தெளித்து, ஈரத் துணியை அதன்மேல் போட்டு ஐந்து நிமிடம் விடுங்கள், பிறகு அப்படியே மேல்நோக்கித் தூக்கி எடுங்கள். முழுக்க வரவில்லை என்றால் துணியின் அடுத்த முகத்தைப் போட்டு இன்னொரு ஐந்து நிமிடம்.