சிம்பிள் பாஸ்ட்டா, பிரசன்ட் பெர்ஃபெக்ட்டா?

‘காந்தி 1921-இல் மதுரைக்கு வந்திருக்கிறார்’ என்று தமிழில் எழுதினால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. அதையே ‘காந்தி ஹேஸ் கம் டு மதுரை இன் 1921’ என்று ஆங்கிலமாக்கினால் பிழையாகிவிடும். ஆண்டோ, கிழமையோ, ‘யெஸ்டர்டே’ போல முடிந்துபோன காலத்தைச் சுட்டும் சொல்லோ வாக்கியத்தில் இருந்தால், ‘கேம்’ என்னும் சிம்பிள் பாஸ்ட்டுக்கே அங்கு இடமுண்டு.

‘ஹேஸ் கம்’ போன்ற பிரசன்ட் பெர்ஃபெக்ட், நிகழ்ந்த நாளைக் குறிப்பிடாமல், அதன் விளைவையோ அனுபவத்தையோ இன்றோடு இணைத்துப் பேசுகிறது. ‘ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ’ என்றால் சாவி இன்னும் கிடைக்கவில்லை என்றே கேட்பவர் கொள்வார். ‘ஐ லாஸ்ட் மை கீ’ என்பதில் அந்த உறுதி இல்லை, அது மறுநாளே கிடைத்திருக்கவும் கூடும். தங்கள் மொழியில் பேசும்போது பெர்ஃபெக்ட் வடிவத்தையே இறந்தகாலமாக ஆளும் ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும்கூட இதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். (அமெரிக்கர்கள் ‘ஐ ஜஸ்ட் ஏட்’ என்று சிம்பிள் பாஸ்ட்டிலேயே முடித்துக்கொள்வது வேறு கதை.)

‘அப்போதிலிருந்து’ என்று பொருள்தரும் ‘சின்ஸ்’ வந்தால் நிலைமை தலைகீழாகிறது: வேலை இன்றும் தொடர்வதால், ‘ஐ வொர்க்ட் ஹியர் சின்ஸ் 2015’ என்பது தவறு, ‘ஐ ஹேவ் வொர்க்ட்’ என்பதே சரி.