வேர் தேடும் கறுப்பினத்தவர்: எந்த வழி எவ்வளவு தூரம்?

அமெரிக்கக் கறுப்பினத்தவர் ஒருவர் பூர்வீகத்தைத் தேடப் புறப்பட்டால் முக்கியமாக மூன்று வழிகள். மூன்றும் ஒரே கேள்விக்குப் பதில் தருவதுபோல் தோன்றும், தருவதில்லை.

ஆசையைச் சட்டென்று தீர்ப்பது 2003இல் தொடங்கிய ஆப்பிரிக்கன் ஆன்செஸ்ட்ரி நிறுவனத்தின் சோதனை. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து அனுப்பினால் 'மென்டே', 'யோருபா' என்று இனக்குழுவின் பெயரே வந்துவிடும். நடிகர் ஐசையா வாஷிங்டன் மரபணுச் சோதனையின் பேரில் 2010இல் சியரா லியோன் குடியுரிமையே பெற்றார். ஆனால் சோதிக்கப்படுவது தாய்வழி மைட்டோகாண்ட்ரியா அல்லது தந்தைவழி ஒய் குரோமோசோம் மட்டுமே. பத்துத் தலைமுறைக்கு முன்னால் ஒருவருக்கு 1,024 முன்னோர் இடங்கள்; தெரியவருவது அவர்களில் ஒருவரின் வழி. அதுவும் பல இனக்குழுக்களுக்குப் பொதுவானதாக இருக்கலாம். தந்தைவழியில் பலருக்கு ஐரோப்பிய வம்சமே வந்து நிற்கிறது; அடிமைகளை வைத்திருந்த பண்ணை முதலாளிகள் விட்டுச்சென்ற சாட்சி.

இரண்டாவது, உமிழ்நீரைக் குழாயில் வாங்கிச் சோதிக்கும் 23அண்ட்மீ, ஆன்செஸ்ட்ரி (முன்னதிலிருந்து வேறு) போன்ற நிறுவனங்கள். இவை எல்லாக் கிளைகளையும் சேர்த்துப் பார்க்கும். 23அண்ட்மீ ஆய்வாளர்களின் 2015ஆம் ஆண்டுக் கணக்கில் ஆப்பிரிக்க அமெரிக்கரின் சராசரி ஐரோப்பியப் பங்கு 24 சதவீதம். அதைக் காட்டி யாரும் வெள்ளையராகிவிட முடிந்ததில்லை. யார் வெள்ளையர் என்று வரையறுத்த 1924இன் வெர்ஜீனியா மாநிலச் சட்டம் ஒரு துளி ஆப்பிரிக்க இரத்தத்தையும் பொறுக்கவில்லை. அமெரிக்கப் பழங்குடி இரத்தத்தை மட்டும் பதினாறில் ஒரு பங்குவரை பொறுத்துக்கொண்டது. பழங்குடித் தலைவரின் மகளான போகாஹொன்டாஸின் வாரிசுகள் என்று மார்தட்டிய பெரிய வீட்டுக்காரர்களுக்காக! சதவீதமும் நிலையானதல்ல, ஒப்பிடும் மாதிரிகள் கூடக்கூட மாறும். இதில் உருப்படியானது மரபணு பொருந்தும் உறவினர் பட்டியல்தான். தகவல் பாதுகாப்பை நம்ப வேண்டாம்: 2023இல் 23அண்ட்மீயின் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் களவு போயின.

மூன்றாவது, காகிதம். அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்றவர்களில் பெரும்பாலோர் பெயரோடு பதிவானது 1870 மக்கள்தொகைக் கணக்கில்தான். அதற்கு முந்தைய 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் முதலாளிக்குப் பெயர் உண்டு. அவருக்குக் கீழே 'வயது 35, ஆண், கறுப்பு' என்பதுபோல் வெறும் வரிகள். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறிய நம் கூலிகளுக்குக்கூடப் பதிவேட்டில் பெயர், தகப்பன் பெயர், ஊர் இருந்தன.

என் வரிசை இது: முதலில் 1870 வரை காகிதம். அங்கே முட்டி நின்றதும் உறவினர் பட்டியல். அதில் தட்டுப்படும் வெள்ளைக்காரத் தூரத்துச் சொந்தத்தின் வீட்டு உயிலில் அடிமைகளின் பெயர்கள் இருக்கக்கூடும். கன்னத்துச் சோதனை கடைசி. சியரா லியோன் பாஸ்போர்ட்தான் குறி என்றால் மட்டும் அதை முதலில் செய்யலாம்.