ஹைதராபாத் சுற்றுலாவுக்கு முன்பணம் கொடுக்கும் முன் கிழமையைப் பாருங்கள்

ஆகஸ்ட் மாதம் எங்கள் குடும்பத்தில் ஒன்பது பேர் கிருஷ்ணகிரியிலிருந்து வேனில் ஹைதராபாத் போய் வந்தோம். தலைக்கு 7,500 ரூபாய். பணம் போனதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். 73 வயதான என் அப்பா இரண்டு நாளில் மூன்று முறை பூட்டிய வாசலில் நின்றதை என்னால் மறக்க முடியவில்லை.

அப்பா காவேரிப்பட்டணத்தில் சரித்திர ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கோல்கொண்டா கோட்டையின் நுழைவு மண்டபத்தில் கை தட்டினால் மலை உச்சியில் பாலா ஹிசாரில் கேட்கும் என்று முப்பது ஆண்டுகள் வகுப்பில் சொல்லியவர், ஒரு நாளும் அங்கே போனதில்லை. அதோடு சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் மணிக்கு ஒரு முறை சிறு பொம்மை வெளியே வந்து மணியடிக்கும் கடிகாரத்தையும் பார்க்க வேண்டும் என்பார். இந்த ஆண்டு மாந்தோப்புக் குத்தகைப் பணம் கைக்கு வந்ததும் கிளம்பிவிட்டோம்.

நம் ஊருக்கு ரயில் இல்லை. ஓசூருக்கோ பெங்களூருக்கோ போய்த்தான் ஏற வேண்டும். வயதானவர்களையும் மூட்டை முடிச்சுகளையும் வைத்துக்கொண்டு அலைவதற்கு, வாசலில் வந்து ஏற்றிக்கொள்ளும் வேனே மேல் என்று யாருக்கும் தோன்றும். நம் ஊரைத் தொட்டுப் போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையே அனந்தபூர், கர்னூல் வழியாக ஹைதராபாத்துக்குப் போகிறது. ஏறக்குறைய 650 கிலோமீட்டர். ஓர் இரவுப் பயணம்.

டிராவல்ஸ்காரர் கொடுத்த தாளில் இப்படி இருந்தது: வியாழன் இரவு புறப்பாடு. வெள்ளி, சாலார் ஜங், சௌமஹல்லா அரண்மனை, சார்மினார். சனி, கோல்கொண்டா, ஹுசைன் சாகர் புத்தர் சிலை. ஞாயிறு திரும்புதல். சார்மினார் அருகில் தங்கும் அறை, நுழைவுக் கட்டணம் எல்லாம் உட்பட.

வெள்ளிக்கிழமை காலை சாலார் ஜங் வாசலில் இறங்கினோம். பூட்டு. வெள்ளிதோறும் வார விடுமுறை என்றார் காவலாளி. சௌமஹல்லாவுக்குப் போனோம், அங்கும் வெள்ளி விடுமுறை. பல ஆண்டுகளாக ஹைதராபாத்துக்கு வண்டி விடுகிறேன் என்று சொன்னவருக்கு இது தெரியாதா? போன் செய்தேன். "விடுமுறை விட்டதற்கு நான் என்ன செய்ய முடியும், அக்கா?" என்றார்.

அவர் என்ன செய்தார் என்பது மதியம்தான் புரிந்தது. "நேரம் நிறைய இருக்கிறதே" என்று டிரைவர் எங்களை முத்துக் கடைக்கு அழைத்துப் போனார். ஒரு கடையில் ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து இன்னொரு கடை. ஆளுக்கு இவ்வளவு என்று கமிஷன் பேசிக்கொள்வதை என் தம்பி காதால் கேட்டான். பூட்டிய இடங்களைத் திட்டத்தில் வைத்தால் டிக்கெட் செலவும் மிச்சம், கடைகளுக்குக் கூட்டிப்போக நேரமும் கிடைக்கும். சார்மினாரை அன்று மாலை வேன் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தோம். 1591இல் எழுந்த அந்தக் கட்டடத்தைப் பற்றி அப்பா ஒரு வார்த்தையும் பேசவில்லை. சார்மினார் அருகில் என்ற அறை, ஊருக்கு வெளியே ஷம்ஷாபாத்தில், விமான நிலையத்தின் பக்கம் இருந்தது.

சனிக்கிழமை சாலார் ஜங் போகலாம் என்று கேட்டதற்கு, முதலாளி ஒத்துக்கொள்ள மாட்டார் என்று டிரைவர் மறுத்துவிட்டார். அப்பாவை மட்டும் ஆட்டோவில் அழைத்துக்கொண்டு சொந்தச் செலவில் போனேன். கடிகாரத்தின் முன் கூட்டத்தோடு உட்கார்ந்திருந்தோம். பொம்மை வந்து மணியடித்து முடியும்வரை அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த அரை நாள்தான் எங்களுக்குக் கிடைத்த சுற்றுலா. மற்றவர்களை அந்த நேரத்தில் புடவைக் கடைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அதனால் கோல்கொண்டாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது உள்ளே விடும் நேரம் முடிந்துவிட்டது.

ஊர் திரும்பிப் பாதிப் பணமாவது கேட்டோம். இப்போது போனை எடுப்பதே இல்லை. அந்தத் தாளில் டிராவல்ஸின் பெயரோ முத்திரையோ கிடையாது. பணத்தையும் தனியாள் ஒருவரின் எண்ணுக்கு அனுப்பிவிட்டோம். நாங்கள் செய்த பெரிய தவறு அதுதான். நீங்கள் பெயர் அச்சிட்ட ரசீதைக் கேட்டு வாங்குங்கள். தங்கும் விடுதியின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் எந்தக் கிழமை விடுமுறை என்று நீங்களே பாருங்கள். ஹைதராபாத் உயிரியல் பூங்காவுக்குத் திங்கள் விடுமுறை. கடைகளுக்குப் போவதில்லை என்பதையும் தாளில் எழுத வையுங்கள்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும். பணம் அனுப்பிய விவரம், அந்தத் தாளின் நகல், பூட்டிய வாசலில் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறேன். இதே ஆளிடம் ஏமாந்தவர்கள் இருந்தால் அவர்களும் புகார் கொடுங்கள்.

நவம்பரில் பெங்களூரிலிருந்து ஹைதராபாத்தின் காச்சிகுடா நிலையத்துக்குப் போகும் ரயிலில் அப்பாவும் நானும் மட்டும் போகிறோம். திட்டத்தை இந்த முறை அப்பாவே நோட்டில் எழுதியிருக்கிறார். முதல் வரி: சனி காலை, கோல்கொண்டா.