கண்டியில் தனியாகச் சுற்றுபவர்கள் கவனத்துக்கு: மாத்தளை வழியில் நடக்கும் மசாலாத் தோட்ட வியாபாரம்

தமிழ்நாட்டிலிருந்து இலங்கையின் மலையகத்துக்குத் தனியாகச் செல்லவிருப்பவர்கள், அதிலும் கண்டியில் ஊர் பிடிபடுவதற்கு முன்பே வெளியே கிளம்பிவிடும் பழக்கமுள்ளவர்கள், இதைப் படித்துவிட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். என்னிடம் பணம் பறித்தவர்கள் மிரட்டவும் இல்லை, கையைப் பிடித்து இழுக்கவும் இல்லை. நல்ல தமிழில், உறவுமுறை சொல்லி, பேசியே கறந்துவிட்டார்கள்.

ஏரிக்கரை ஓரமாக, புத்தரின் பல் வைக்கப்பட்டிருக்கும் தலதா மாளிகையை நோக்கி நடந்துகொண்டிருந்தபோது ஒருவர் சிரித்தபடி அருகில் வந்து, "என்ன தம்பி, அடையாளம் தெரியலையா? காலையில பார்த்தோமே, நீங்க தங்கியிருக்கிற ஹோட்டல்லதான் கிச்சன்ல வேலை செய்றேன்" என்றார். விடுதியின் பெயரை மட்டும் அவர் கடைசிவரை சொல்லவில்லை. (அந்த விடுதியில் சமைப்பவர் உரிமையாளரின் மனைவி ஒருவர்தான் என்பது அன்று இரவு தெரிந்தது.) காலைப் பூஜை முடிந்துவிட்டது, இனி மாலை ஆறரைக்குத்தான் கதவைத் திறப்பார்கள், அதுவரை வீணாக நிற்க வேண்டாம் என்று அவரே அக்கறையோடு எடுத்துச் சொன்னார். இதில் பாதி உண்மை. புனிதப் பல் வைக்கப்பட்டுள்ள உள்ளறையின் கதவு அதிகாலை 5.30, காலை 9.30, மாலை 6.30 ஆகிய பூஜை நேரங்களில்தான் திறக்கப்படுகிறது. ஆனால் மாளிகை அதிகாலை முதல் இரவு வரை திறந்தே இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் உள்ளே சென்று பார்க்கலாம். முழுப் பொய்யைச் சொன்னால் கைப்பேசியில் தேடிப் பார்த்து மறுத்துவிடலாம். இதைத் தேடினால் அவர் சொன்ன நேரங்களே வந்து நிற்கும்.

அவர் கைகாட்டியதும் ஓர் ஆட்டோ வந்தது. ஓட்டுநர் தமிழர். தன் முன்னோர் திருச்சிப் பக்கத்திலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்கள் என்றும், "நீங்க நம்ம ஊர்ப் பிள்ளை, உங்ககிட்ட கூட வாங்க மாட்டேன் தம்பி" என்றும் சொல்லி, மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலுக்குப் போய்வர 4,500 இலங்கை ரூபாய் பேசினார். 108 அடி இராஜகோபுரம் கொண்ட அந்தக் கோவிலைப் பார்க்க வேண்டும் என்று ஊரிலிருந்தே நினைத்திருந்ததால் ஏறிக்கொண்டேன். மாத்தளை அங்கிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர். வழியெல்லாம் வீட்டைப் பற்றி விசாரித்துக்கொண்டே வந்தார். அம்மாவுக்கு மூட்டுவலி என்பது அந்தப் பேச்சில் வந்ததுதான்.

அக்குறணையைத் தாண்டி ஓரிடத்தில், "அஞ்சு நிமிஷம், சும்மா பார்த்துட்டு வாங்க, காசு இல்ல" என்று ஒரு மசாலாத் தோட்டத்தின் முன் நிறுத்தி, எனக்கு முன்னே உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார். வெள்ளைக் கோட்டு அணிந்து, தன்னை 'டாக்டர்' என்று அறிமுகப்படுத்திக்கொண்டவர் ஏலச்செடி, மிளகுக்கொடி, வெனிலா, கொக்கோ என்று ஒவ்வொன்றாகக் காட்டி (போடிக்காரனுக்கு ஏலக்காய்ப் பாடம்!), மூலிகைத் தேநீர் கொடுத்து, ஒரு களிம்பை என் முழங்கையருகே தடவினார். சில நிமிடங்கள் கழித்து அதைத் துணியால் துடைத்தபோது அந்த இடத்து முடி மொத்தமும் துணியோடு வந்துவிட்டது. தோல் மட்டும் இரண்டு நாட்கள் சிவந்திருந்தது. பிறகு, நான் எதுவும் கேட்காமலேயே, "வீட்டுல பெரியவங்களுக்கு மூட்டுவலி இருந்தா இந்த எண்ணெய்தான்" என்று ஆரம்பித்தார். கடையின் அலமாரியில் எந்தப் புட்டியிலும் விலை இல்லை, எண்கள் மட்டுமே இருந்தன. ஒரு புட்டியின் விலையாகச் சொல்லப்பட்ட தொகை, பொட்டலம் கட்டிய பிறகு மூன்று மாதத்துக்குத் தேவையான புட்டிகளின் விலையாக வளர்ந்தது. இதற்கிடையில் என் தோளைப் பிடித்துவிட்ட ஓர் ஆள், எனக்கும் வாசலுக்கும் நடுவே 'அன்பளிப்புக்காக' நின்றுகொண்டிருந்தார். அட்டையில் போன தொகை 31,800 இலங்கை ரூபாய். நம் பணத்தில் ஏறத்தாழ 9,000. கொடுத்த சீட்டில் கடையின் முகவரிகூட இல்லை.

ஐந்து நிமிடம் ஒன்றரை மணி நேரமாகிவிட்டதால், கோவிலை அடைந்தபோது உச்சிகால நடை சாத்தப்பட்டிருந்தது. கண்டிக்குத் திரும்பியதும் காத்திருப்புக் கட்டணம் என்று மேலும் 3,000 கேட்டுச் சத்தம் போட்டார் 'நம்ம ஊர்' அண்ணன். தோட்டத்தில் காத்திருந்ததற்கும் சேர்த்து!

விடுதி உரிமையாளரும் தமிழர்தான். நடந்ததைக் கேட்டு அவர் பட்ட சங்கடத்தைப் பார்த்ததால் சொல்கிறேன், இதை மலையகத் தமிழர்கள்மீது போட வேண்டியதில்லை. வருகிறவர் எந்த மொழி பேசுகிறாரோ அந்த மொழியில் ஓர் ஆளை அனுப்புவார்கள் என்றார் அவர். ஆளை இறக்கிவிட்ட ஓட்டுநருக்கு விற்பனையில் கமிஷன் போகிறது. அதையும் சேர்த்துத்தான் விலை சொல்கிறார்கள். எண்ணெயோடு சேர்த்து அங்கே வாங்கிய பட்டைக்கும் மிளகுக்கும் கண்டி மத்திய சந்தையில் விலை விசாரித்தேன். நான் கொடுத்ததில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

இலங்கையில் பொட்டலமிட்ட பொருட்களில் உயர்ந்தபட்ச சில்லறை விலை அச்சிடப்பட வேண்டும். அதற்கு மேல் விற்பது குற்றம். கேட்டால் ரசீது கொடுக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டம் சொல்கிறது. விலை அச்சிடாத புட்டியை அவர்கள் எடுத்து நீட்டும்போதே இதைக் கேளுங்கள். அந்த அதிகார சபையின் எண் 1977, சுற்றுலாத் துறையின் உதவி எண் 1912. மாத்தளைக்குக் கண்டியிலிருந்து பகல் முழுவதும் பேருந்து உண்டு; கோவில் பிரதான சாலையை ஒட்டியே இருக்கிறது. ஆட்டோதான் வேண்டுமென்றால் செயலி வழியாகப் பதிவு செய்யுங்கள். கட்டணம் ஏறும் முன்பே திரையில் தெரியும்.

சுற்றுலாப் பொலிஸில் ஆட்டோ எண்ணோடு எழுத்தில் புகார் கொடுத்தேன். அங்கிருந்த அதிகாரி தோட்டத்தாரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டபோது, விரும்பித்தான் வாங்கினார், கையெழுத்தும் போட்டிருக்கிறார் என்று பதில் வந்தது. வங்கிக் கணக்கில் அந்தத் தொகை தோட்டத்தின் பெயரில் இல்லாமல் சம்பந்தமே இல்லாத வேறொரு பெயரில் பதிவாகியிருப்பதைக் காட்டிய பிறகுதான் அந்த அதிகாரி தனியாக ஒரு குறிப்பு எழுதிக்கொண்டார். இதே போல் அட்டையில் செலுத்தியவர்கள் கணக்குப் பதிவில் உள்ள பெயரையும் பாருங்கள். வங்கியில் மறுப்புத் தெரிவிக்க எனக்கு இப்போது கையில் இருக்கும் ஒரே சான்று அதுதான்.