மாத்திரையா, ஜெல்லா, கிரீமா? அக்காவுக்காக அலசியது

காசிமேட்டில் மீன் விற்கும் என் அக்காவுக்கு 50 வயது. மாதவிலக்கு நின்று ஒன்றரை வருஷம் ஆகிறது. விடிகாலை ஏலத்தில் நிற்கும்போதே கழுத்திலிருந்து தலைக்கு அனல் ஏறி ரவிக்கை நனைந்துவிடும். ஐஸ் பெட்டிக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு நிற்பாள். ராத்திரியில் மூன்று தடவையாவது விழிப்பு. குறைந்துபோன பெண் ஹார்மோனை மருந்தாகத் தரும் ஹார்மோன் சிகிச்சை என்றதும், "அத்தப் போட்டா மார்ல கேன்சர் வருமாமே, எனக்கு வேணாம்டி" என்றாள்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் 16,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வு 2002-ல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டு ஹார்மோன்களும் சேர்ந்த மாத்திரை போட்டவர்களில், வருஷத்துக்கு 10,000 பேரில் 38 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. போடாதவர்களில் 30 பேருக்கு. கூடுதலான அந்த எட்டுப் பேரை நான் அற்பமாக நினைக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்களின் சராசரி வயது 63. 60 வயதுக்குள், அல்லது மாதவிலக்கு நின்று 10 வருஷத்துக்குள் தொடங்குகிற, வேறு தடை இல்லாத பெண்ணுக்குப் பலனே பெரும்பாலும் கூடுதல் என்பதுதான் இப்போதைய மருத்துவக் கருத்து. அனலும் வியர்வையும் அடங்க ஹார்மோனைவிட வலுவான மருந்து இல்லை. எலும்புத் தேய்மானத்தையும் அது தடுக்கிறது.

அப்படியானால் எந்த வடிவத்தில் எடுப்பது? மாத்திரை விழுங்குவது சுலபம். ஆனால் வாய்வழி ஈஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே ரத்தம் உறையவைக்கும் புரதங்கள் கூடுகின்றன. கால் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டு வரும் வாய்ப்பும் கூடுகிறது. ஜெல்லும் பேட்ச்சும் தோல் வழியாக நேரே ரத்தத்தில் கலப்பதால், வழக்கமான அளவில் இதுவரையான ஆய்வுகளில் அந்த ஏற்றம் தெரியவில்லை. உடல் பருமனோ பி.பி.யோ உள்ளவர்களுக்கு என் ஓட்டு தோல் வழிக்குத்தான். அதிலும் நம் கடலோரப் புழுக்கத்தில், நாள் முழுக்க வியர்த்து நிற்பவள் உடம்பில் பேட்ச் ஒட்டி நிற்குமா என்று யோசிக்க வேண்டும், ஜெல் தேவலை. கையிலோ தொடையிலோ தடவிக் காயவிட வேண்டும், காயும்வரை பேரப்பிள்ளையைத் தூக்கக் கூடாது.

கர்ப்பப்பை இருக்கிறதா என்பதும் முக்கியம். இருந்தால் ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுக்கவே கூடாது. உள்சுவர் தடித்துப் புற்றுநோய் வரை போகலாம். கூடவே அதைத் தடுக்கும் புரோஜெஸ்ட்ரோன் (புரோஜெஸ்டின் இதன் செயற்கை வகை) வேண்டும். அதில் ஒரு வகை தூக்கம் வரவைக்கும் என்பதால் ராத்திரி போடுவார்கள். அக்காவைப் போல விழித்துக் கிடப்பவளுக்கு அதுவும் உபகாரம்தான். கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். அந்த அமெரிக்க ஆய்வோடு சேர்ந்து நடந்த இன்னொரு ஆய்வில் அவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் கூடவில்லை.

அனல் இல்லை, பிறப்புறுப்பு வறட்சியும் அடிக்கடி நீர்க்கடுப்பும்தான் தொல்லை என்றால் உள்ளே வைக்கும் ஈஸ்ட்ரோஜன் கிரீமே போதும். ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. சந்தையில் கழிப்பறைக்கு அலைய வேண்டுமே என்று தண்ணீரே குடிக்காத எத்தனையோ பெண்கள், இதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டே வருஷக்கணக்கில் எரிச்சலோடு இருக்கிறார்கள். தயவுசெய்து சொல்லுங்கள்.

மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, பக்கவாதம், மாரடைப்பு வந்தவர்களுக்கு வழக்கமாக ஹார்மோன் தருவதில்லை. அவர்களுக்கு வென்லாஃபாக்ஸின், காபாபென்டின் போன்ற ஹார்மோன் அல்லாத மருந்துகள் அனலை ஓரளவு குறைக்கும், எலும்புக்கு உதவாது. டமாக்சிஃபென் என்ற மார்பகப் புற்றுநோய் மருந்து போடுபவர்கள், அனலுக்குத் தரும் இன்னொரு மருந்தான பராக்சிடினைத் தவிர்க்க வேண்டும், அது டமாக்சிஃபெனின் வேலையைக் கெடுக்கும். சோயாவுக்கு ஆதாரம் பலவீனம்.

ஒன்றை மட்டும் ஒத்திப்போடாதீர்கள்: ஒரு வருஷம் நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

அடுத்த வாரம் அக்காவை ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். மார்பகத்தை எக்ஸ்ரே எடுக்கும் மேமோகிராம் பற்றியும் கேட்க வேண்டும். பி.பி. மாத்திரைச் சீட்டை மறக்காமல் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.