மூலை மாமாக் கடை: ரொட்டிக்கு நான்கு நட்சத்திரம்

மலேசியாவின் ஈப்போவில் எங்கள் தாமான் (குடியிருப்பு) மூலையில் இருக்கும் மாமாக் கடைக்கு, அதாவது இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக்கு, வாரத்தில் மூன்று நாள் போகிறேன். ரொட்டி சானாய் ஓரத்தில் மொறுமொறு, நடுவில் பஞ்சு. மீ கோரெங் (வறுத்த நூடுல்ஸ்) வேண்டாம், ஒரே இனிப்பு.

பக்கத்து மேசைச் சீனப் பெரியவர் கடைக்காரரிடம், "அண்ணே, கோப்பி ஓ கோசோங்!" என்கிறார்; பாலும் சீனியும் இல்லாத காப்பி. மலாய்ப் பையன்களுக்கும் கடைக்காரர் 'அண்ணே'தான். 1969 மே 13 இனக் கலவரத்துக்குப் பிறகு, ஒற்றுமைக்காக 1970இல் வந்த ருக்குன் நெகாரா என்ற தேசியக் கோட்பாட்டைப் பள்ளியில் மனப்பாடமாக ஒப்பித்தோம். ஆனால் மலாய், சீனர், இந்தியர் என மூன்று இனமும் முழங்கை இடிக்க உட்கார்ந்து நான் பார்த்தது என்னவோ இங்கேதான். பன்றி கிடையாது, மாடும் சமைப்பதில்லை, யாரும் தயங்குவதில்லை.

கழிப்பறை மட்டும் சகிக்காது. அப்புறம், தே தாரிக்கில் (ஆற்றி நுரைக்க வைத்த பால் தேநீரில்) சீனி குறைக்கச் சொல்லுங்கள். சொன்னாலும் போடுவார்கள்.