வடகொழும்பில் ஒரு வட்டார மக்கள் சேவை நிலையம்: பயன்படுத்தியவரின் மதிப்பீடு

கொழும்பு மாநகர சபை உறுப்பினர் ஒருவர் வடகொழும்பில் நடத்தும் மக்கள் சேவை நிலையத்தை எங்கள் குடும்பமும் அயலவர்களும் சில காலமாகப் பயன்படுத்தி வருகிறோம். அரச அலுவலகங்களுக்குரிய படிவங்களை நிரப்புவது, சிங்களத்தில் கடிதம் எழுதுவது, பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயர்ப் பிழைக்கு வழி சொல்வது, வாக்காளர் இடாப்பில் பெயர் சேர்ப்பது ஆகிய வேலைகளுக்கு இந்த நிலையத்தைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். வீட்டுக்கும் வேலைக்கும் பாடசாலை அனுமதிக்கும் சிபாரிசுக் கடிதம் தேடிப் போகிறவர்களுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். நிலையத்தின் பெயரையும் கட்சியின் பெயரையும் எழுதாமல் விடுகிறேன். நான் இங்கே பாராட்டுவதும் குறை சொல்வதும் ஒரு கட்சியோடு முடிந்துவிடும் விடயங்கள் அல்ல.

நிலையம் என்பது ஒரு பழைய கடைவீட்டின் முன்னறை. இரண்டு மேசைகள், சுவரோரமாகப் பிளாஸ்டிக் கதிரைகள், ஒரு போட்டோப் பிரதி இயந்திரம், வருகிறவர்களின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதும் ஒரு தடித்த கொப்பி, இவ்வளவுதான். வேலை செய்பவர்களில் ஒரு இளம்பெண் இருக்கிறார். சிங்களத்தை எழுத்துப் பிழையின்றி எழுதுவார். வீதி வடிகான் அடைத்து வீட்டுக்குள் தண்ணீர் வருவதாக முறையிட வந்த வயதான அம்மா ஒருவருக்கு அவர் கடிதம் எழுதியதை அருகில் இருந்து பார்த்தேன். எழுதி முடித்ததும் கையொப்பத்துக்காகத் தாளை நீட்டவில்லை. "இருங்கம்மா, என்ன எழுதியிருக்கேன்னு வாசிச்சுக் காட்டுறேன்" என்று சொல்லி, ஒவ்வொரு வரியையும் தமிழில் சொன்னார். தண்ணீர் வருவது முன்வாசலால் அல்ல, குசினிப் பக்கத்தால் என்று அந்த அம்மா திருத்த, கடிதத்தைக் கிழித்துப் போட்டு மறுபடியும் எழுதினார். தனக்குத் தெரியாத மொழியில் எழுதியதில் கண்ணை மூடிக்கொண்டு கையொப்பமிட்டுப் பழகிய ஒரு தலைமுறைக்கு இந்த மரியாதை மிகப் பெரியது.

பெயர்ப் பிழை விடயத்திலும் இவர்களுக்கு நல்ல அனுபவம் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும், திருமணப் பதிவில் வேறு விதமாகவும் பெயர் இருக்கும் தமிழர்கள் கொழும்பில் ஏராளம். சமாதான நீதவான் முன்னிலையில் முடித்த ஒரு சத்தியக் கடதாசியே போதுமான இடம் எது, சான்றிதழையே திருத்த வேண்டிய இடம் எது என்பதை இங்கே முதலிலேயே பிரித்துச் சொல்லிவிடுகிறார்கள். வெளியில் தரகர்கள் பணம் வாங்குவது இந்த ஒரு பதிலுக்காகத்தான். நிலையத்தில் பிரதி எடுக்கும் செலவைத் தவிர எதுவும் கேட்பதில்லை.

இப்படியான அறைகள் கொழும்பில் எப்படி முளைத்தன என்பதைப் பார்த்தால்தான் இவற்றின் தரத்தை மதிப்பிட முடியும். யுத்த காலத்தில் கொழும்பில் வாழ்ந்த தமிழருக்கு அரசியல் என்பது மேடையில் நடந்ததைவிடப் பொலிஸ் நிலைய வாசலில்தான் அதிகம் நடந்தது. வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரையும் பொலிஸில் பதிய வேண்டும். லொட்ஜில் தங்கினால் காரணம் சொல்ல வேண்டும். சுற்றிவளைப்பில் பிடிபட்ட பிள்ளை எந்த நிலையத்தில் இருக்கிறான் என்று யாராவது தொலைபேசியில் விசாரித்துச் சொல்ல வேண்டும். கொழும்புத் தமிழ் அரசியல்வாதி மனோ கணேசனின் கட்சி, முதலில் மேலக மக்கள் முன்னணியாகவும் பின்னர் ஜனநாயக மக்கள் முன்னணியாகவும், இந்தத் தலைநகரில் வேர் பிடித்தது அந்த வேலையைச் செய்ததனால்தான் என்பது என் கணிப்பு. 2006 இல் கடத்தல்களும் காணாமற்போதல்களும் பெருகியபோது மக்கள் கண்காணிப்புக் குழுவை அமைத்தவர்களில் அவரும் ஒருவர். அதே குழுவில் இருந்த நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் அந்த ஆண்டு நவம்பர் 10 ஆம் திகதி கொழும்பிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 2007 ஜூன் 7 ஆம் திகதி அதிகாலையில் லொட்ஜ்களில் இருந்த தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியா உள்ளிட்ட இடங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அந்த வெளியேற்றத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்த நாட்களில் தொலைபேசியை எடுத்தவர் யார், எடுக்காதவர் யார் என்பதைக் கொழும்புத் தமிழர்கள் மறக்கவில்லை.

இதற்கு 2011 மாநகர சபைத் தேர்தல் ஒரு சான்று. அதற்கு முந்திய ஆண்டில், ஐக்கிய தேசியக் கட்சிப் பட்டியலில் கொழும்பில் தெரிவான மனோ கணேசனின் சகோதரர் பிரபா கணேசன் அரசாங்கத்தின் பக்கம் போய்விட்டார். நாடாளுமன்றத்தில் கையில் இருந்த ஆசனம் போன நிலையில், ஏணிச் சின்னத்தில் தனியாக நின்ற ஜனநாயக மக்கள் முன்னணி 53 ஆசனங்கள் கொண்ட சபையில் 6 ஆசனங்களைப் பெற்றது. 2018 இல், உறுப்பினர் தொகை 119 ஆக உயர்ந்த சபையில், அது 10 ஆனது. உறுப்பினர்கள் கூடியதற்குக் காரணம் வட்டாரத் தெரிவும் விகிதாசாரமும் சேர்ந்த புதிய கலப்புத் தேர்தல் முறை. அதுவரை கொழும்பு முழுவதும் ஒரே தொகுதிபோல விகிதாசார முறையில் வாக்களித்தது. யாருடைய உறுப்பினர் எவர் என்று சொல்ல முடியாது. வட்டார முறை வந்த பிறகுதான் உறுப்பினருக்கு ஒரு முகவரியும், அந்த முகவரிக்கு ஒரு கதவும் உண்டாயின. நான் எழுதும் நிலையமும் அப்படி வந்ததுதான்.

கதவைத் திறந்து வைத்தவர்கள் யார் என்பது அடுத்த சில ஆண்டுகளில் தெரிந்தது. உள்ளூராட்சி சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. தேர்தலோ 2025 மே 6 ஆம் திகதிதான் நடந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மாநகர சபையில் மக்கள் பிரதிநிதி ஒருவரும் இல்லை. பல அறைகள் மூடப்பட்டன. இந்த அறை மூடப்படவில்லை; பதவியும் கொடுப்பனவும் இல்லாத அந்தக் காலத்திலும் கிழமையில் சில மாலைகள் விளக்கு எரிந்தது. அதற்காகவே இவர்கள் மீது எனக்கு மதிப்பு உண்டு. 2025 தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 117 இல் 48 ஆசனங்களுடன் முதலிடத்துக்கு வந்து, விராய் கெலி பல்தசார் மேயரானார். நெடுங்காலம் ஐக்கிய தேசியக் கட்சியின் கோட்டை என்று சொல்லப்பட்ட நகரம் அது. அந்தக் கட்சிக்கு இம்முறை கிடைத்தவை 13 ஆசனங்கள். கோட்டை விழுந்ததற்கு 2022 இன் பொருளாதார வீழ்ச்சியைப் பலர் காரணம் சொல்வார்கள், அது உண்மைதான். ஆனால் நகரத்தில் தோட்டங்கள் என்று சொல்லப்படும் நெருக்கமான குடியிருப்புகளிலும் தொடர்மாடிகளிலும் வீடு வீடாகப் போய் வாக்காளர் இடாப்புக்குப் பெயர் எழுதிய உழைப்பையும் சேர்த்துக் கணக்கெடுக்க வேண்டும்.

நிலையத்தின் மிகச் சிறந்த சேவையும் அதுவே. வாடகைக்கு இருப்பவர்களின் பெயரை வாக்காளர் படிவத்தில் எழுத வீட்டு உரிமையாளர்கள் பலர் விரும்புவதில்லை; எழுதினால் நாளை வீட்டுக்கு உரிமை கேட்பார்கள் என்று பயப்படுகிறார்கள். இன்னொரு பக்கம், மலையகத்திலிருந்தும் வடக்கிலிருந்தும் வந்தவர்கள் பதினைந்து வருடம் கொழும்பில் உழைத்தும் பெயரை ஊரிலேயே வைத்திருக்கிறார்கள். வாக்காளர் இடாப்பில் இருப்பது வீட்டு உரிமையைத் தராது என்பதை உரிமையாளரிடம் நேரில் போய் விளக்குவதும், பிள்ளையின் பாடசாலை அனுமதிக்கு இந்தப் பதிவு எவ்வளவு அவசியம் என்பதைக் குடியிருப்பவருக்குச் சொல்வதும் பொறுமையான வேலை. எங்கள் வீதியில் இவர்கள் அதைச் செய்தார்கள். எந்தக் கட்சிக்கு வாக்கு என்று அப்போது கேட்கவும் இல்லை.

இப்போது குறைகள். சிபாரிசுக் கடிதம் கேட்கிறவர்களிடம், அது எந்த அதிகாரியையும் கட்டுப்படுத்தாது என்று சொல்லாமல், கேட்டவுடன் முத்திரை குத்திக் கொடுக்கிறார்கள். வாங்கிப் போகிறவர் அதை நம்பி மாதக் கணக்கில் காத்திருக்கிறார். இது நல்ல சேவை அல்ல. உதவி பெறுகிறவர்களை உறுப்பினருக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் பிடித்து முகப்புத்தகத்தில் போடுவதும் நிறுத்தப்பட வேண்டும். உலர் உணவுப் பொதியுடன் தாய் நிற்கும் படத்தை அவளுடைய பிள்ளையின் வகுப்புத் தோழர்களும் பார்ப்பார்கள். மூன்றாவது, நான் முன்பு சொன்ன அந்தக் கொப்பி. வடிகானுக்காக நாங்கள் கொடுத்த தொலைபேசி இலக்கத்துக்குத் தேர்தல் காலத்தில் பிரசாரச் செய்திகள் வந்தன. எதற்காக இலக்கம் எடுக்கப்படுகிறது என்பதைக் கொடுக்கும்போதே சொல்ல வேண்டும்.

இதைவிட ஆழமான ஒரு கவலையும் எனக்கு உண்டு. 1987 இன் 13 ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. அப்படியிருக்க, முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது என்று இந்த நிலையத்தில் யாரும் சொல்லி நான் கேட்கவில்லை. சிங்களத்தில் எழுதினால் வேலை விரைவில் முடியும் என்பது அவர்கள் சொல்லும் நியாயம். அவசரத்தில் வருகிறவருக்கு அது சரிதான். ஆனாலும் தமிழ்ப் பிரதி ஒன்றையும் சேர்த்து அனுப்பினால், பதிலைத் தமிழில் கேட்கும் பழக்கமாவது வளரும். சிங்களம் எழுதும் அந்தப் பெண்ணால் தமிழும் அழகாக எழுத முடியும்.

போகிறவர்கள் மாலையில் போவது நல்லது. காலையில் உறுப்பினர் பெரும்பாலும் இருப்பதில்லை. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ், சோலை வரி அல்லது மின்சாரக் கட்டணப் பற்றுச்சீட்டு ஆகியவற்றின் பிரதிகளைக் கொண்டுபோங்கள். மூலப் பிரதிகளைக் காட்டலாம், அங்கே விட்டு வர வேண்டாம். எழுதிய கடிதத்தின் பிரதி ஒன்றைத் திகதியோடு கேட்டு வாங்குங்கள். கேட்டால் மறுக்காமல் தருகிறார்கள்.